ஆறுதல் சொல்ல மறுக்கும் மருத்துவமனை: மதுரையில் எண்ணச் சுழற்சி நோய்க்கு நாங்கள் பெற்ற சிகிச்சை

மதுரையில் வைகையின் வடகரைப் பகுதியில், ஸ்கேன் மையங்களும் மருந்துக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில் இயங்கிவரும் தனியார் மனநல மருத்துவமனையைப் பற்றிய மதிப்புரை இது. ஓ.சி.டி. என்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்காக என் மனைவி அங்கே ஓராண்டுக்கும் மேலாகச் சிகிச்சை பெற்று வருகிறார். உணவகத்துக்கும் கைப்பேசிக் கடைக்கும் மதிப்புரை எழுதுகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மனநல மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் மட்டும் வாய் திறப்பதில்லை. கூகுள் மேப்பில் தேடினால் ஐந்து நட்சத்திரத்தோடு "நல்ல டாக்டர்" என்ற ஒற்றை வரி கிடைக்கும், அல்லது ஒற்றை நட்சத்திரத்தோடு நெடுநேரம் காக்க வைத்த கோபம் கிடைக்கும். எங்களுக்குத் தேவைப்பட்ட காலத்தில் இவ்விரண்டாலும் ஒரு பயனும் இல்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருத்துவமனையின் பெயரை நான் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது திருமங்கலம் பக்கம். ஒரு துப்பு கிடைத்தால் போதும், எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள் என்பதுவரை விசாரித்துவிடும் ஊர் அது. மேலும் சில குறைகளையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன், அதற்கும் பெயர் இல்லாமல் இருப்பதே முறை. என் மனைவி இதை முழுவதும் படித்துப் பார்த்து, சில வரிகளை நீக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றை வெளியிடச் சம்மதித்திருக்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையில் யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்ற சொல்லை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் வாரமே வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள், சிலர் போவதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணச் சுழற்சி நோயைப் பொறுத்தவரை அந்த மறுப்புதான் அவ்விடத்தின் தலையாய சிறப்பு என்பது என் கருத்து. மற்றபடி வரவேற்பறை, காத்திருப்பு, ரசீது போன்ற விஷயங்களில் அது சராசரிக்கும் கீழேதான் நிற்கிறது.

ஆறுதல் சொல்வது ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேண்டாத ஓர் எண்ணம், காட்சி அல்லது சந்தேகம் அழைக்காமலே மனத்துக்குள் நுழைகிறது. அது தாங்க முடியாத பதற்றத்தைக் கொடுக்கிறது. அந்தப் பதற்றத்தைத் தணிக்க நோயாளி ஏதோ ஒன்றைச் செய்கிறார். கை கழுவுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், மனத்துக்குள் ஒரு வேண்டுதலைக் குறிப்பிட்ட தடவை சொல்வார், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் "சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பார். செய்தவுடன் பதற்றம் இறங்குகிறது. இறங்கியதாலேயே, அடுத்த முறை அதே எண்ணம் வரும்போது அதே செயலைச் செய்தாக வேண்டும் என்று மூளை படித்துக்கொள்கிறது. கை கழுவுவது எப்படியோ அப்படித்தான் ஆறுதல் கேட்பதும். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தோடு சொல்லும் ஒவ்வொரு "ஒன்றும் ஆகாது" என்பதும் அந்தச் சுழலுக்கு ஒரு தள்ளு கொடுக்கிறது. அங்கிருந்த உளவியலாளர் இதை எங்கள் அம்மாவுக்குப் படர்தாமரையை வைத்து விளக்கினார்: சொறிந்தால் சுகமாக இருக்கும், ஆனால் சொறிந்து யாருக்கும் படர்தாமரை ஆறியதில்லை. அம்மாவுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

என் மனைவிக்குத் தொடங்கியது எப்போது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலோருக்குப் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது தலைகாட்டுகிறது என்கிறார்கள். அவருக்கும் கல்லூரிக் காலத்திலேயே லேசாக இருந்திருக்கிறது, குழந்தை பிறந்த பிறகு முற்றியது. எங்கள் பக்கத்து வீடுகளில் இழவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் உள்ளே வரமாட்டார்கள், வாசலில் செருப்பை விட்டுக் கால் கழுவிவிட்டுத்தான் அடுப்படிப் பக்கம் போவார்கள். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் கூடுதலாகக் கை கழுவினால் "சுத்தக்காரி" என்ற நல்ல பெயர்தான் கிடைக்கும். ஆசாரம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று முதல் சந்திப்பில் நான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு மிகத் தெளிவாக இருந்தது. ஆசாரம் பார்ப்பவர் குளித்து முடித்ததும் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார். காரியம் அத்தோடு முடிந்தது. நோய் இருப்பவருக்குக் குளித்து முடித்த பிறகுதான் சரியாகக் குளித்தோமா என்ற அடுத்த கேள்வி பிறக்கும். இந்த எண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, அன்றாட வேலையைக் கெடுத்தாலோ, அதை நோயாகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொதுவான வரையறை. எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் காலை எட்டு மணிக்குள்ளேயே கடந்துவிடும்.

அங்கே போவதற்கு முன்பு நாங்கள் செய்யாதது இல்லை. பாண்டி கோயிலுக்குப் போனோம், கையில் கயிறு கட்டினோம், மாமியார் வீட்டுப் பக்கம் ஒருவரிடம் மந்திரித்துத் தாயத்து வாங்கினோம். உள்ளூரில் ஒரு பொது மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்; அதைப் போட்டால் தூக்கம் வரும், விழித்ததும் கை கழுவல் தொடரும். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் அந்த நேரத்துப் பதற்றத்தை அமுக்குமே தவிர எண்ணச் சுழற்சி நோய்க்கான மருந்து அல்ல என்பதையும், நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

முதல் சந்திப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. இந்த மருத்துவமனைக்கு நான் தரும் முதல் நல்ல மதிப்பெண் அதற்காகத்தான். மனநல மருத்துவர் சிறிது நேரம் எங்கள் இருவரிடமும் பேசிவிட்டு என்னை வெளியே அனுப்பினார். அதன் பிறகு என் மனைவியிடம் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, கடவுளைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ வெளியே சொல்லக் கூசும் எண்ணங்கள் வருகின்றனவா என்பது. அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மீனாட்சியம்மன் சந்நிதியில் நின்றால் அம்மனைப் பற்றிய ஆபாசமான எண்ணம் வருகிறது என்பதும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது கீழே போட்டுவிடுவோமோ என்ற காட்சி மனத்தில் ஓடுகிறது என்பதும், அதனாலேயே அவர் கோயிலுக்கும் மாடிக்கும் போவதை நிறுத்தியிருந்தார் என்பதும் அன்றுதான் வெளியே வந்தன. கை கழுவுவது எல்லோர் கண்ணிலும் படும் பகுதி, அதனால் அதை மட்டும் வைத்து நோயைப் பேசுகிறோம். உள்ளே வைத்துப் புழுங்கும் பகுதி அதைவிடப் பெரியது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இத்தகைய எண்ணங்கள் வருவது அரிதல்ல என்றும், அந்த எண்ணத்தைக் கண்டு அவர் அருவருத்து விலகுவதே நோயின் இயல்பைக் காட்டுகிறது என்றும் மருத்துவர் விளக்கினார்.

இங்கே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் வருவதாகவே சொன்னார்கள். எண்ணம் வருவதில் நோயாளிக்கும் மற்றவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. மற்றவர் "சீ, என்ன நினைப்பு இது" என்று உதறிவிட்டுப் போகிறார். நோயாளி அந்த எண்ணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தன்னையே விசாரிக்கத் தொடங்குகிறார். இந்த ஆய்வை உளவியலாளர் சொல்லக் கேட்டபோது என் மனைவி அழுதார். அந்தப் பெண்மணி ஆறுதலாக ஒன்றும் சொல்லாமல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

நோயின் கடுமையை அளக்க அவர்கள் யேல்-பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். வேய்ன் குட்மனும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட இந்த அளவுகோலில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். 24 முதல் 31 வரை கடுமையான நிலை, அதற்கு மேல் மிகக் கடுமை. என் மனைவிக்கு 28 வந்தது. சர்க்கரை அளவு போல ஓர் எண் கையில் இருப்பது எவ்வளவு நல்லது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. இந்நோயில் ஒரு கெட்ட நாள் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதாகவே தோன்றும்; ஏட்டில் இருக்கும் எண் அப்படி இல்லை என்று காட்டும். நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஏதாவது ஓர் அளவுகோலை வைத்துத் தொடக்கத்திலும் இடையிடையேயும் அளக்கிறார்களா என்று அவசியம் கேளுங்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செர்ட்ரலின் 50 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி 200க்குக் கொண்டு போனார்கள். மனச்சோர்வுக்கும் இதே வகை மருந்துகளைத்தான் கொடுப்பார்கள், ஆனால் எண்ணச் சுழற்சி நோய்க்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 10 முதல் 12 வாரம்வரை ஆகலாம் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் எழுதியிருந்தால் ஒரே மாதத்தில் "பிரயோஜனம் இல்லை" என்று நிறுத்தியிருப்போம். தொடக்கத்தில் குமட்டலும் வியர்வையும் இருந்தன, பிறகு அடங்கிவிட்டன. இந்த மருந்து போதைபோல் பழக்கமாகாது, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஓரிரு ஆண்டு தொடர வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். இந்நோய்க்கென அமெரிக்காவில் 1989இல் முதன்முதலாக அனுமதி பெற்ற குளோமிபிரமின் இன்னும் வழக்கில் இருக்கிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல் முதலிய பக்க விளைவுகள் கூடுதல் என்பதால் அதைப் பின்வரிசையில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

இனி, இந்த மருத்துவமனையை நான் பரிந்துரைப்பதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். ஈ.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பயிற்சி அது. பயப்படும் பொருளையோ எண்ணத்தையோ நோயாளி தானே முன்வந்து எதிர்கொள்ள வேண்டும். அதன் பிறகு வழக்கமாகச் செய்யும் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். லண்டனில் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மேயர் 1966இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதுவரை ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசியும் தீராது என்று கைவிடப்பட்டிருந்த நோய்க்கு அது ஒரு திறப்பாக அமைந்தது. இன்று உலகெங்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு முதலாவதாகப் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை இதுவே. மதுரையில் "கவுன்சலிங்" என்ற பலகை தெருவுக்குத் தெரு தொங்குகிறது. அவற்றில் இதை முறையாகக் கற்றுச் செய்பவர்கள் சிலரே.

முதலில் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். எதைத் தொட்டால் எவ்வளவு பதற்றம் வரும் என்று 100க்கு மதிப்பெண் போட்டு, கீழிருந்து மேலாக அடுக்கினார்கள். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் 30, வெளியே போய் வந்த செருப்பு 55, பேருந்துக் கைப்பிடிக் கம்பி 80, கழுவாத கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது 100. மருத்துவமனை அறைக்குள்ளேயே தாழ்ப்பாளையும் செருப்பையும் முடித்துவிட்டு, ஒரு நாள் எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கே அழைத்துப் போனார் அந்த உளவியலாளர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். என்னைத் தேநீர்க் கடை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, மேலூருக்குப் புறப்பட நின்ற நகரப் பேருந்தின் பின்பக்கப் படியில் ஏறி, பிசுபிசுப்பேறிக் கிடந்த கம்பியை உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்தார். இறங்கி வந்து, பத்து ரூபாய்க்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி, அதே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் மனைவி ஏறினார். விரல் நுனியால் தொட்டுவிட்டு இறங்கப் பார்த்தவரை உளவியலாளர் மறுபடி ஏறச் சொன்னார். இரண்டாம் முறை முழுக் கையால் பிடித்தார். நடைமேடைச் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோது அவர் கை நடுங்கியதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

"மேடம், எதுவும் ஆயிடாதுல்ல?" என்று கேட்டார்.

"ஆகலாம், ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடலையச் சாப்பிடுங்க" என்றார் உளவியலாளர்.

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு இப்படியா பேசுவது என்று தோன்றியது. ஆனால் நூறு விழுக்காடு உறுதி வேண்டும் என்பதுதான் இந்நோயின் பசி. கடலை விற்பவருக்கும் ஓட்டுநருக்கும் எனக்கும் இல்லாத அந்த உறுதியை நோயாளிக்கு மட்டும் யாரால் தர முடியும்? பதற்றம் முதலில் 90 என்றார், பிறகு கொஞ்சம் இறங்கியது, பிறகு மறுபடி ஏறியது. இறங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பதற்றத்தோடேயே உட்கார்ந்திருக்க முடிகிறது என்பதைக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று பின்னர் விளக்கினார்கள். அன்று வீடு வந்து சேரும்வரை அவர் கை கழுவவில்லை. வீட்டில் வந்து வெகுநேரம் கழுவினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரத்துக்கான வீட்டுப்பாடம் அதிலிருந்தே எடுக்கப்பட்டது.

கோயில் சம்பந்தப்பட்ட எண்ணங்களுக்கான பயிற்சியில் எனக்கு ஐயம் இருந்தது. தெய்வ நிந்தனை செய்யச் சொல்வார்களோ என்று அம்மாவும் பயந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. நம்பிக்கைக்கு விரோதமாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதை முதலிலேயே பேசி, எல்லையை என் மனைவியே வகுக்கும்படி விட்டார்கள். அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், வந்த எண்ணத்தைத் தன் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்பது, கூட்டமில்லாத ஒரு நாளில் சந்நிதியில் நின்று எண்ணம் வந்தால் வரட்டும் என்று விடுவது, "மன்னிச்சிரு தாயே" என்று ஒவ்வொரு எண்ணத்துக்கும் பரிகாரமாகச் சொல்லிவந்ததைச் சொல்லாமல் இருப்பது ஆகியவையே. வெளியே தெரியாத இந்த மனப் பரிகாரங்களைக் கண்டுபிடித்து நிறுத்துவதில்தான் நல்ல உளவியலாளரின் திறமை தெரிகிறது.

குடும்பத்தாருக்கான அமர்வைப் பற்றிச் சொல்லாவிட்டால் இம்மதிப்புரை நிறைவு பெறாது. என் மனைவி குழாயைத் தொடக் கூடாது என்பதற்காக அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றுவார்; நான் இரவில் எழுந்து சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று அவருக்காகப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்; "ஏங்க, கை நல்லா கழுவிட்டேன்ல?" என்று கேட்டால் மகள்கூட "கழுவிட்டம்மா" என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள். இவை அனைத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எந்த வாரத்தில் நிறுத்துவது என்று என் மனைவியின் சம்மதத்தோடு அட்டவணை போட்டார்கள். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தினால் அது தண்டனையாகிவிடும் என்பதால் இந்த ஒழுங்கு. கேள்வி வந்தால் நாங்கள் சொல்ல வேண்டிய பதிலும் முடிவு செய்யப்பட்டது: "இது நோய் கேக்குற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்லல."

அம்மாவுக்குத்தான் இது மிகவும் கடினமாக இருந்தது. "ஏம்மா, கேட்ட புள்ளைக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போகுது?" என்று உளவியலாளரிடமே சண்டை போட்டார். படர்தாமரை உவமை அப்போது வந்ததுதான். வீட்டுக்கு வந்தும் சில நாள் கள்ளத்தனமாகத் தலையாட்டிவிட்டுப் போவார். தலையாட்டுவதும் பதில்தான் என்று அடுத்த அமர்வில் அதையும் நிறுத்தச் சொன்னார்கள். மருந்தும் பயிற்சியும் நோயாளிக்கு என்று நினைத்துப் போன எங்களுக்கு, பாதிச் சிகிச்சை எங்களுக்கே நடந்தது.

இனிக் குறைகள். முதல் நாள் வரவேற்பறையில் இருந்தவர், நிறைந்த கூடத்தில், என் மனைவியின் பெயரை உரக்கச் சொல்லி "ஓசிடி கேஸ்தானே?" என்று கேட்டார். நோயாளியின் உடல்நலத் தகவலை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்லும்போது, மனநல மருத்துவமனையிலேயே இப்படி நடப்பது மன்னிக்கத் தக்கதல்ல. எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். இப்போது டோக்கன் எண்ணைச் சொல்லி அழைக்கிறார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு உள்ளே விடுவது வாடிக்கை. கழிப்பறையில் சோப்பு இருந்த நாளைவிட இல்லாத நாளே அதிகம். இந்த நோயாளிகளுக்கு அதுவும் ஒரு பயிற்சி என்று நினைத்துவிட்டார்களோ என்று நாங்கள் சிரித்துக்கொள்வதுண்டு. முதல் சந்திப்பில் ஒரு மணி நேரம் பேசிய மருத்துவர், அடுத்தடுத்த சந்திப்புகளில் ஐந்து நிமிடத்தில் சீட்டை எழுதி அனுப்பிவிடுகிறார். படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அளவுகோலின் கேள்விகளை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக் கேட்கிறார்கள். மதுரையில் நடக்கும் மருத்துவமனையில் அச்சிட்ட தமிழ்ப் படிவம் இல்லாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த ஒரு உளவியலாளரை நம்பியே இந்தச் சிகிச்சை ஓடுகிறது என்பது. அவர் வாரத்தில் சில நாள்தான் வருகிறார், நேரம் கிடைக்கப் பல வாரம் காத்திருக்க வேண்டும். அவர் விடுப்பில் இருந்தபோது வேறொரு இளம் ஆலோசகர் எங்களைப் பார்த்தார். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிட்டு "நிறுத்து" என்று சொல்லுங்கள், நல்லதையே நினையுங்கள் என்றார். எண்ணத்தை விரட்ட விரட்ட அது கூடுதலாக வரும் என்று அதே கட்டடத்தில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் மனைவியே அவரிடம் அதை எடுத்துச் சொன்னார் என்பது எனக்குப் பெருமைதான், ஆனால் புதிதாக வந்த நோயாளி என்ன செய்வார்?

கட்டணம்: நாங்கள் சேர்ந்தபோது முதல் சந்திப்புக்கு 800 ரூபாய், மறுசந்திப்புக்கு 500, உளவியலாளரின் ஒரு மணி நேர அமர்வுக்கு 1,000. கேட்டால்தான் ரசீது தருவார்கள். மருந்தை உள்ளே இருக்கும் கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நான் கேட்ட பிறகே சொன்னார்கள். வெளியில் வாங்கினால் கணிசமாகக் குறைகிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று மேற்சொன்ன சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறினாலும், பெரும்பாலான பாலிசிகளில் படுக்கையில் சேராமல் பெறும் சிகிச்சை அடங்காது என்பதால் இந்தச் செலவு முழுவதும் கையிலிருந்துதான் போகும்.

அந்தச் செலவு முடியாதவர்களுக்கு மதுரையிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துகள் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக ஊர்ப்புறத்து மக்களும் மருத்துவரைப் பார்க்க முடியும். யாரிடம் போவது என்றே தெரியாத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்; நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். மருந்தும் பயிற்சியும் முறையாகக் கொடுத்தும் அசையாத கடுமையான நோய்க்குப் பெங்களூரு நிம்ஹான்ஸில் தனிச் சிறப்புப் பிரிவு உண்டு.

என் மனைவியின் அளவு இப்போது 13. மருந்துக்கும் பயிற்சிக்கும் புள்ளிகள் 35 விழுக்காடு குறைந்தாலே நல்ல பலன் என்று கணக்கிடுகிறார்கள். அவருக்குப் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. முற்றிலும் போய்விட்டதா என்றால் இல்லை. மாதவிலக்கு நாட்களிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பழைய சந்தேகங்கள் தலைதூக்குகின்றன, அப்போது ஓரிரு அமர்வுகளுக்கு மறுபடி போகிறோம். சிலிண்டரை ஒரு முறை மூடிவிட்டுப் படுக்கிறார். நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பெரியார் நிலையம்வரை போய் வருகிறார்.

பயிற்சிக்குத் துணிந்து, வீட்டாரையும் கூட அழைத்து வரக்கூடியவர்களுக்கு இந்த மருத்துவமனையைத் தயங்காமல் சொல்வேன். தற்கொலை எண்ணம் இருப்பவர்களுக்கும், உடனடியாக உள்நோயாளியாகச் சேர வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் இது ஏற்ற இடமல்ல. இரவு நேரத்தில் அங்கே மருத்துவர் கிடையாது, அவர்கள் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே நல்லது. வேறு எந்த மருத்துவமனைக்குப் போவதாக இருந்தாலும், நேரம் வாங்குவதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, ஈ.ஆர்.பி. செய்கிறாரா, குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவாரா. வரவேற்பறையில் இருப்பவருக்கு இரண்டாம் கேள்வி புரியாது. உளவியலாளரிடமே கேட்டுச் சொல்லும்படி வற்புறுத்துங்கள்.